பழைய கிட்டில் ரயில் கட்டடம் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டுப் பனிக்கும் ஏற்ற பதில்கள்

கிட் என்றால் மாடல் ரயிலுக்கான குட்டிக் கட்டடத்தை நாமே ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டி. ஐம்பது அறுபது வருடப் பழைய கிட்டோடு வரும் விளக்கத்தாள் குளிர்நாட்டு வீட்டின் மேசையை மனதில் வைத்து எழுதியது. அதில் உள்ளபடியே சூரமங்கலத்தில் சித்திரை மாதத்தில் ஒட்டினால் பசை பாதி வழியிலேயே காய்ந்துவிடும். ஏற்காட்டில் ஐப்பசியில் ஸ்ப்ரே அடித்தால் கறுப்புப் பெயின்ட் சாம்பல் பூக்கும். கீழே உள்ள பதில்கள் இந்த இரண்டு இடத்தையும் கணக்கில் வைத்து எழுதியவை. எடுத்துக்காட்டுக்கு ஏர்ஃபிக்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் ஓ.ஓ. அளவு (நிஜத்தில் 76இல் ஒரு பங்கு) சிக்னல் பாக்ஸ் கிட்டை, அதாவது சிக்னல்களை இயக்கும் கேபினின் கிட்டை, எடுத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற பழைய பிளாஸ்டிக் கிட்டுகளுக்கும் முறை இதேதான்.

பழைய கிட்டைக் கட்டலாமா, பெட்டியோடு அப்படியே வைத்திருப்பது நல்லதா?

கட்டுங்கள். இந்த சிக்னல் பாக்ஸ் 1950களின் கடைசியில் வந்தது. இங்கிலாந்தின் ரட்லண்ட் பகுதியில் ஓக்கம் என்ற ஊரில் 1899இல் கட்டிய கேபினைப் பார்த்துச் செய்தது. அதே அச்சில் வார்த்த கிட் டாபோல் என்ற நிறுவனத்தின் பெயரில் பிறகும் விற்பனைக்கு வந்தது. அதனால் ஒன்றைக் கட்டிவிட்டால் உலகத்தில் ஒன்று குறைந்துவிடும் என்ற கவலை வேண்டாம். உறை பிரிக்காத, விளக்கத்தாள் கிழியாத முதல் பதிப்பு கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதுகூட நம் ஊர் வெயிலில் அட்டைப்பெட்டியும் தாளும் வருடத்துக்கு வருடம் பொடிந்துதான் போகும்.

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை என்ன?

எதையும் வெட்டாதீர்கள். பாகங்கள் தொங்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். பாக எண் அதில்தான் பொறித்திருக்கும். வெட்டி எடுத்துவிட்டால் இடது ஜன்னல் சட்டம் எது, வலது ஜன்னல் சட்டம் எது என்று தெரியாமல் போகும்.

முதலில் விளக்கத்தாளை மொபைலில் படமெடுத்து ஒரு நகல் அச்செடுங்கள். மஞ்சளித்த தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் மடிப்பில் கிழியும். பிறகு பாகங்களை எண்ணிப் பாருங்கள். அடுத்தது கழுவல். பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் ஸ்ப்ரூவோடு போட்டு, பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். அச்சிலிருந்து கழன்று வர அந்தக் காலத்தில் பூசிய எண்ணெய்ப் பசை இன்னும் மேலே இருக்கும். அது போகாவிட்டால் பெயின்ட் செதில் செதிலாக உரியும்.

பெட்டிக்குள் பசை ட்யூப் இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். மாடல் கடையில் இன்று கிடைக்கும் பசை அதைவிடப் பல மடங்கு மேல்.

ஓ.ஓ. கிட்டை ஹெச்.ஓ. லேஅவுட்டில் வைக்கலாமா?

லேஅவுட் என்றால் மாடல் ரயில் ஓடும் பாதையும் சுற்றுப்புறமும் அமைத்த பலகை. ஓ.ஓ., ஹெச்.ஓ. இரண்டும் மாடல் அளவுகள். ஓ.ஓ. என்றால் 1:76.2, ஓர் அடிக்கு 4 மி.மீ. ஹெச்.ஓ. என்றால் 1:87.1, ஓர் அடிக்கு 3.5 மி.மீ. இரண்டும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவதால் குழப்பம் வருகிறது. ஓ.ஓ. கட்டடம் ஹெச்.ஓ. கட்டடத்தைவிட 14 சதவீதம் பெரியது.

சுவரும் கூரையும் பெரிதாக இருந்தால் கண் மன்னிக்கும். கதவும் படியும் கைப்பிடியும் பெரிதானால் மன்னிக்காது, ஏனென்றால் மனித உருவம் அவற்றின் பக்கத்தில்தான் நிற்கும். ஐந்தரை அடி ஆள் ஓ.ஓ.வில் 22 மி.மீ., ஹெச்.ஓ.வில் 19 மி.மீ. ஆறரை அடிக் கதவு முன்னதில் 26, பின்னதில் 23. ஆகவே கதவு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி மூன்றையும் மாற்றுங்கள். மற்றதை விட்டுவிடலாம். ஒரே லேஅவுட்டில் இரண்டு அளவும் இருந்தால் பெரியது முன்னால், சிறியது பின்னால்.

பிளாட்ஃபாரம் கட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு. நம் அகலப்பாதையில் உயர் பிளாட்ஃபாரம் தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மி.மீ. வரை இருக்கும். ஓ.ஓ.வில் அது 10 முதல் 11 மி.மீ., ஹெச்.ஓ.வில் 9 முதல் 9.5. சேலம் – விருத்தாசலம் பாதையை, 2000களில் அகலப்பாதை ஆவதற்கு முந்தைய மீட்டர்கேஜ் கோலத்தில் செய்ய நினைத்தால், ஹெச்.ஓ.வில் 12 மி.மீ. தண்டவாளம் பொருந்தும்.

எந்தப் பசை பிடிக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பசையை யோசிக்கும் முன் பிளாஸ்டிக் எது என்று பாருங்கள். பழைய கிட் ஒன்றிலேயே இரண்டு மூன்று வகை கலந்திருக்கும். சுவர் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். ஜன்னல் தாள் அசிடேட்டாக இருக்கலாம். மனித உருவங்கள் சில கிட்டில் வளையும் பாலிஎத்திலீன்.

சமையலறையிலேயே சோதிக்கலாம். இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் 200 மி.லி. தண்ணீருக்கு 70 கிராம் உப்பு போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். ஸ்ப்ரூவில் சிறு துண்டு வெட்டி, சோப்பு நீரில் நனைத்து, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை விரலால் தேய்த்து நீக்கிவிட்டுப் போடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் மூழ்க வேண்டியதும் மிதக்கும், சோதனையே பொய்யாகும்.

வெறும் தண்ணீரில் மிதந்தால் பாலிஎத்திலீன் வகை. அதைக் கரைத்து ஒட்டும் பசை எதுவும் கைக்கெட்டாது, துளை போட்டுக் கம்பி செருகித்தான் நிறுத்த வேண்டும். தண்ணீரில் மூழ்கி உப்புநீரில் மிதந்தால் பாலிஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ். என்ற இன்னொரு கெட்டி பிளாஸ்டிக். உப்புநீரிலும் மூழ்கினால் அசிடேட் மாதிரி கனமான வகை.

பாலிஸ்டைரீனுக்கு டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரியான நீர்த்த பசைதான் சரி. அது இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கும், காய்ந்த பிறகு மூட்டு என்று ஒன்று தனியாக இருக்காது. கோடையில் சேலத்தில் 38 டிகிரிக்கு மேல் போகும் மதியத்தில் இந்தப் பசை பிரஷிலிருந்து இறங்கும் முன்பே ஆவியாகும். விளிம்பு முழுக்க ஒரே இழுப்பில் பூசாமல் இரண்டு மூன்று செ.மீ.யாகத் தொட்டு வையுங்கள். காலை ஏழு மணி வேலை, மதியம் மூன்று மணி வேலையைவிட இரண்டு மடங்கு சுத்தமாக வரும்.

கார் பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. தின்னரைப் பசையாகவோ பிரஷ் கழுவவோ பிளாஸ்டிக்கின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். செங்கல் கோடும் பலகைக் கோடும் அரை நிமிடத்தில் வழிந்து போகும். நீர்த்த பசையும் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், விளக்கோ கொசுவர்த்தியோ பக்கத்தில் வேண்டாம்.

சுவர் வாழைமட்டை மாதிரி வளைந்திருக்கிறது. நிமிர்த்த முடியுமா?

முடியும். 65 முதல் 70 டிகிரி வெந்நீர் போதும். பாலிஸ்டைரீன் முழுதாக இளகுவது 100 டிகிரிக்குச் சற்று முன்னால்தான், ஆனால் வளைவு விடுவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. கொதிநீரை நேராக ஊற்றினால் மெல்லிய ஜன்னல் சட்டங்கள் சுருண்டுவிடும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு: சேலத்தில் கொதிநீர் ஒரு பங்கு, சாதாரணத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி. ஏற்காட்டில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும், குழாய்த் தண்ணீரும் ஜில்லென்று இருக்கும். அங்கே கொதிநீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு.

சுவரை இரண்டு நிமிடம் முக்கி எடுத்து, கிரானைட் துண்டின் மேல் வைத்து, மேலே கண்ணாடித் தகடு வைத்து, ஒரு அரிசிப் பையைப் பாரமாக ஏற்றுங்கள். தானாக ஆறும்வரை, குறைந்தது ஒரு மணி நேரம், தொடாதீர்கள். குளிர்ந்த நீரில் முக்கி அவசரப்படுத்தினால் வளைவு திரும்ப வரும். ஒரே தடவையில் முழுதாக நிமிரவில்லை என்றால் மறுநாள் இன்னொரு தடவை செய்யுங்கள்.

யாரோ அரைகுறையாகக் கட்டிய கிட் கிடைத்தது. பிரித்துத் திரும்பக் கட்டலாமா?

எதை வைத்து ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. ஃபெவிக்விக் வகைப் பசை குளிரில் நொறுங்கும். பாலித்தீன் பையில் கட்டி ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, எடுத்த உடனே மூட்டில் பிளேடு நுனியை வைத்துத் திருகினால் டிக்கென்று விடும். பழைய ட்யூப் பசையும் சில சமயம் இதற்கு மசியும். ஃபெவிகால் என்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். நீர்த்த பசையால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.

பழைய பெயின்டை எடுக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துவிட்டு, அரை மணி ஊறவைத்து, டூத்பிரஷால் தேய்த்து, கழுவுங்கள். பிரேக் ஆயில் முறையைச் சிலர் சொல்வார்கள். அது தோலுக்கும் கெடுதல், சில பிளாஸ்டிக்கையும் உடையவைக்கும். தேவையில்லை.

நாலு சுவரையும் ஒட்டினால் கடைசி மூலை சேரமாட்டேன் என்கிறது. ஏன்?

நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, விளிம்பில் இருக்கும் பிசிறும் அச்சுச் சாய்வும்தான் காரணம். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகச் சுவரின் விளிம்பை மிகச் சிறிய சாய்வில் வார்த்திருப்பார்கள். சுவரைக் கண் மட்டத்தில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். விளிம்பு செங்குத்தாக இல்லாமல் உள்பக்கம் தலைகுனிந்திருக்கும், அதன் மேல் நகத்தில் நெருடும் மெல்லிய பிசிறு ஓடும். ஒவ்வொரு மூலையிலும் அரை டிகிரி பிழை என்றால் நாலாவது மூலைக்கு வரும்போது இரண்டு டிகிரி ஆகிவிடும். 60 மி.மீ. சுவரில் அது 2 மி.மீ. வாய் பிளந்து நிற்கும்.

ஸ்ப்ரூவிலிருந்து பாகத்தை ஒட்டி வெட்டாதீர்கள். ஒரு மி.மீ. விட்டு வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, 400 எண் உப்புத்தாளைக் கிரானைட்டின் மேல் ஒட்டி, சுவரை நிமிர்த்திப் பிடித்து நாலு இழுப்பு இழுங்கள். சுவரோடு மூலைமட்டத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இழுத்தால் விளிம்பு செங்குத்தாகவே வரும். பிறகு பசை இல்லாமல் ரப்பர் பேண்டு போட்டு நாலு சுவரையும் நிறுத்திப் பாருங்கள், கூரையையும் வைத்துப் பாருங்கள். திருப்தியான பிறகு இரண்டிரண்டு சுவராக ‘எல்’ வடிவில் ஒட்டி, உள்மூலையில் 3 மி.மீ. சதுரச் சட்டம் கொடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, இரண்டு ‘எல்’லையும் சேருங்கள்.

நுண்ணிய அரமும் சாமணமும் ரம்ப பிளேடும் தேடி அலைய வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். வெள்ளி வேலைக்கு ஆகும் கருவி இந்த வேலைக்கும் கச்சிதம்.

ஒரு பாகம் காணவில்லை. அதே மாதிரி இன்னொன்று கிட்டில் இருக்கிறது.

அதைப் பார்த்து வார்த்துக்கொள்ளலாம். வினிகர் வாசம் வரும் ஜன்னல் சிலிகான் சீலன்ட்டோடு சம அளவு கார்ன்ஃப்ளவர் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள், கையுறை அவசியம். இருக்கிற பாகத்துக்கு லேசாக வாஸலைன் தடவி மாவில் அழுத்தி, இறுகும்வரை விடுங்கள். பாகத்தை எடுத்துவிட்டுப் பள்ளத்தில் அரால்டைட் கலந்து நிரப்பினால் மறுநாள் நகல் தயார். ஒரு பக்கம் மட்டும் வடிவம் வரும். ஜன்னல் சட்டத்துக்கும் தாங்குகட்டைக்கும் அதுவே போதும்.

ஜன்னல் கண்ணாடி ஒட்டியதும் பனி படிந்த மாதிரி வெளுத்துவிட்டது.

ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி செய்த வேலை. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் வெளுப்பும் அதிகம். கண்ணாடிக்கு ஃபெவிகாலை ஊசி நுனியில் தொட்டு வையுங்கள், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. கிட்டோடு வந்த தாள் மஞ்சளித்திருந்தால் ஓ.எச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வெட்டிக்கொள்ளுங்கள். பெயின்ட் வேலையும் மேட் வார்னிஷும் முடிந்த பிறகுதான் கண்ணாடி. முன்னாலேயே ஒட்டிவிட்டு வார்னிஷ் அடித்தால் கேபின் முழுக்கப் பால் கண்ணாடி ஆகிவிடும்.

பெயின்ட் சில நாள் சொரசொரப்பாக வருகிறது, சில நாள் சாம்பல் பூக்கிறது. எங்கே தவறு?

இரண்டும் எதிரெதிர்க் காரணம்.

சொரசொரப்பு சேலத்து நோய். ஸ்ப்ரேயிலிருந்து கிளம்பிய துளி சுவரை அடையும் முன்பே காற்றில் காய்ந்து, பொடியாக வந்து ஒட்டுகிறது. 30 செ.மீ. தூரத்திலிருந்து அடிக்காமல் 15 முதல் 20 செ.மீ.க்குள் வந்து, மெல்லிய பூச்சாக அடியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பிரஷால் அக்ரிலிக் அடிப்பவர்கள் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சில சொட்டு சேர்த்தால் பிரஷ் கோடு விழாது.

சாம்பல் பூப்பது மலை நோய். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது சுவர் குளிர்கிறது. அந்தக் குளிரில் காற்றின் ஈரம் ஈரப் பெயின்டுக்குள் படிந்து வெண்மையாகிறது. ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து லாக்கர் ஸ்ப்ரேயோ மேட் வார்னிஷோ அடித்தால் கட்டாயம் இது நடக்கும். சின்ன டிஜிட்டல் ஈரப்பத மானி ஒன்று வாங்கி வையுங்கள். 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்ப்ரே வேண்டாம். அன்றைக்குப் பிரஷ் வேலை, ஓடு வெட்டும் வேலை என்று எத்தனையோ இருக்கிறது. ஏற்கெனவே பூத்துவிட்டதென்றால், வறண்ட நாளில் அதே வார்னிஷை மெல்லியதாக இன்னொரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எந்த ஊரானாலும் சாம்பல் நிற ப்ரைமர் முதலில். பழைய கிட்டில் பாகத்துக்குப் பாகம் நிறம் வேறு, குழி விழுந்த இடமும் பட்டி பார்த்த இடமும் ப்ரைமர் அடித்தால்தான் கண்ணில் படும்.

செங்கல் இடுக்கில் சுண்ணாம்புக் கோடு எப்படிக் கொண்டுவருவது?

ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல உயரமுள்ள செங்கல் ஓ.ஓ.வில் 3 மி.மீ. நீளம், 1 மி.மீ. உயரம். இந்த அளவில் கோட்டைப் பிரஷால் வரைய முடியாது, நிரப்பத்தான் வேண்டும். செங்கல் நிறம் அடித்து ஒரு நாள் காயவிட்டு, மேட் வார்னிஷ் கொடுத்து, வால் புட்டியை மோர் பதத்துக்குக் கரைத்துச் சுவர் முழுக்கப் பூசுங்கள். பாதி காய்ந்ததும் ஈரமான பழைய வேட்டித் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, கோணலாக இழுத்துத் துடையுங்கள். கோட்டின் திசையிலேயே துடைத்தால் இடுக்கில் இருப்பதும் வந்துவிடும். புட்டியை வெள்ளை வெளேரென்று விடாமல் மண்நிறம் ஒரு சொட்டு சேருங்கள். பழைய சுண்ணாம்புக் காரை அழுக்கேறிய வெண்ணெய் நிறத்தில் இருக்கும்.

இருபது செங்கலுக்கு ஒன்றை மட்டும் கொஞ்சம் கருக்கலாகவோ வெளிறலாகவோ தொட்டு வையுங்கள். சூளையிலிருந்து வந்த செங்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

கேபினை நம் பக்கத்துக் கேபின் மாதிரி மாற்ற முடியுமா?

தாராளமாக. கீழ்த்தளப் பலகைச் சுவரை விட்டுவிட்டுச் செங்கல் ஷீட் போட்டு, கூரையில் மங்களூர் ஓடு வேய்ந்தாலே பாதி மாற்றம் வந்துவிடும். கூரைதான் பார்ப்பவர் கண்ணில் முதலில் விழுவது, லேஅவுட்டை எல்லோரும் மேலிருந்துதானே பார்க்கிறோம். அதனால் நேரத்தைக் கூரையில் செலவழியுங்கள்.

மங்களூர் ஓடு ஏறக்குறைய 410 மி.மீ. நீளம், 235 மி.மீ. அகலம். ஒன்றன் மேல் ஒன்று ஏறிய பிறகு வெளியே தெரிவது சுமார் 320க்கு 210, சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு. ஓ.ஓ.வில் வெளியே தெரிவது 4.2க்கு 2.75 மி.மீ. ஹெச்.ஓ.வில் 3.7க்கு 2.4.

கிட்டின் கூரையில் வார்த்திருக்கும் பலகைக்கல் கோட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். இறவாரத்திலிருந்து முகடு வரை 4.2 மி.மீ.க்கு ஒரு பென்சில் கோடு. 50 மி.மீ. சரிவுக்குப் பன்னிரண்டு வரிசை வரும். 120 ஜி.எஸ்.எம். வரைதாளில் 5.4 மி.மீ. அகலப் பட்டைகள் வெட்டுங்கள். மவுஸ் பேடின் மேல் பட்டையை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் 2.75 மி.மீ.க்கு ஒரு கோடு குறுக்கே அழுத்தி இழுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே தாள் லேசாகப் புடைக்கும், அதுதான் ஓட்டின் முதுகு. கீழ் விளிம்பில் ஒவ்வொரு கோட்டிலும் அரை மி.மீ. கீறிவிட்டால் தனித்தனி ஓடாகத் தெரியும். இறவாரத்து முதல் வரிசைக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டை கொடுங்கள். நிஜக் கூரையில் கடைசி ரீப்பர் ஓட்டைத் தூக்கிக் கொடுப்பது மாதிரி, அது இல்லாவிட்டால் முதல் வரிசை தலை கவிழ்ந்து நிற்கும். அங்கிருந்து மேலே மேலே ஃபெவிகாலில் ஒட்டிக்கொண்டு போங்கள். நாலு பக்கச் சரிவும் சேரும் மூலைகளிலும் முகட்டிலும் 4 மி.மீ. தாளைப் பேனா ரீஃபிலில் சுற்றி வளைத்து, 5 மி.மீ. துண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி முகட்டு ஓடு போடுங்கள். எல்லாம் காய்ந்ததும் நீர்த்த மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு. தாளை வார்னிஷ் குடிக்க விடாவிட்டால் மழைக்காலத்தில் பட்டைகள் நிமிர்ந்துகொள்ளும்.

நிறம்: காவிச் சிவப்பு அடித்து, மேலே கருப்பும் பழுப்பும் கலந்த நீர்த்த மை. சேர்வராயன் மலைக் கட்டடம் என்றால் பாசி கருமையாகவும் பச்சையாகவும் ஓட்டின் கீழ் விளிம்பில் படிந்திருக்கும், நிழல் விழும் பக்கத்தில் கூடுதலாக. குரங்கு ஓடி உடைத்த இடத்தில் மாற்றிய புது ஓடாக இரண்டு மூன்றைப் பளிச்சென்ற ஆரஞ்சில் விடுங்கள். ஒரே ஒரு ஓட்டை மட்டும் வெட்டி எடுத்து, அடியில் கூரையைத் துளைத்து, ஓ.எச்.பி. ஷீட்டில் கண்ணாடி ஓடு வையுங்கள். உள்ளே விளக்குப் போட்டதும் அந்த ஒரு ஓடு மட்டும் மினுங்குவதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும்.

உள்ளே விளக்கு எப்படி?

பழைய கிட் விளக்கத்தில் சொல்லும் கோதுமைமணி பல்பு (கோதுமை மணி அளவுள்ள குட்டி இழை பல்பு) வேண்டாம். 12 வோல்ட்டில் 60 மில்லிஆம்பியர் இழுத்தால் முக்கால் வாட் சூடு, கூரை நேர் மேலே இளகும். வார்ம் ஒயிட் எல்.இ.டி. ஒன்றுக்கு 12 வோல்ட்டில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 2 மில்லிஆம்பியர்தான் ஓடும். நீராவி எஞ்சின் காலத்துக் கேபினுக்கு அந்த மங்கல் வெளிச்சமே பொருத்தம். பளீரென்று வேண்டுமானால் 1 கிலோ ஓம். ஒட்டும் முன் சுவரின் உள்பக்கம் கறுப்பு அடித்து, அதன் மேல் உள் நிறம் அடியுங்கள். இல்லாவிட்டால் சுவரே லாந்தர் மாதிரி ஒளிரும். கூரையைக் கடைசிவரை ஒட்டாதீர்கள், கழற்றிப் போடும்படி வையுங்கள்.

கேபினுக்குள் நெம்புகோல் வரிசையை 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியில் செய்யலாம். நிறுத்து சிக்னலுக்குச் சிவப்பு, பாயின்டுக்கு (ரயிலைத் தடம் மாற்றும் இடம்) கறுப்பு, பாயின்ட் பூட்டுக்கு நீலம், பயன்படாததற்கு வெள்ளை. கைப்பிடியை நிறமடிக்காமல் பித்தளையாகவே விடுங்கள், கைபட்டுத் தேய்ந்த இரும்பு மாதிரி மின்னும்.

சுற்றிலும் போட சேலத்துச் செம்மண் ஆகுமா?

அருமையாக ஆகும், ஆனால் மூன்று வேலை பாக்கி. மாவு சலிக்கும் சல்லடையில் இரண்டு தடவை சலியுங்கள். பழைய வாணலியில் அரை மணி வறுங்கள், பூச்சி முட்டையும் ஈரமும் போகும். மூன்றாவது வேலை காந்தம். கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது இருப்பது தெரிந்ததே, அந்தப் பக்க மண்ணில் அதன் கருந்துகள் கலந்திருக்கும். பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை மண்ணுக்குள் உழுதாற்போல் இழுத்து எடுங்கள். பையில் கருமணல் மீசை முளைத்திருக்கும். பையை உள்புறம் வெளியாகத் திருப்பினால் அது மொத்தமும் உதிரும். மீசை முளைக்காமல் வரும்வரை செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் அந்தத் துகள் எஞ்சின் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டி, கியரைத் தின்னும்.

மேக்னசைட் ஏற்றும் குட்ஸ் ஷெட் செய்கிறீர்கள் என்றால் சாக்பீஸ் பொடியில் துளி மஞ்சள் மண் கலந்து, பிளாட்ஃபார விளிம்பிலும் வாசல் கீழும் மெல்லத் தடவுங்கள். கூரையின் பள்ளங்களிலும் கொஞ்சம். மேட் வார்னிஷ் அடித்தால் பொடியின் வெண்மை பாதி மறைந்துவிடும், அதனால் கண்ணுக்குச் சற்று அதிகமாகத் தோன்றும்படியே போடுங்கள்.

மரக் கிட்டும் அட்டைக் கிட்டும் இதே முறைதானா?

மரப்பட்டிகளை ஒட்டும் முன்பே சாயம் ஏற்றுங்கள். பசை பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. 500 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு 10 மி.லி. இந்தியன் இங்க் கலந்தால் வெயிலில் வெளுத்த மரத்தின் சாம்பல் நிறம் வரும். மெல்லிய மரச்சுவரில் தண்ணீர்ப் பெயின்டை ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சுருளும். இரண்டு பக்கமும் அடியுங்கள், உள்பக்கம் 5 மி.மீ. சட்டம் கொடுங்கள்.

அட்டைக் கிட்டுக்கு எதிரி ராமபாணம் என்ற தாள் தின்னும் பூச்சி. மைதாப் பசையும் ஜவ்வரிசிப் பசையும் அதற்கு விருந்து. பைண்டிங் வேலைக்காரர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது இதற்காகத்தான், ஆனால் அது விஷம், குழந்தைகள் கைபடும் மாடலில் வேண்டாம். ஃபெவிகாலே போதும். வெட்டிய விளிம்பின் வெள்ளையை வாட்டர்கலரால் மறைத்து, முழுதும் வார்னிஷ் கொடுங்கள்.

பழைய கிட்டோடு வரும் உலோக வார்ப்புகளில் ஈயம் இருக்கும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வேலை முடித்துக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

கட்டி முடித்ததை எங்கே, எப்படி வைப்பது?

பாலிஸ்டைரீன் சூட்டுக்கு நீளும். மார்கழிக்கும் சித்திரைக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்றால் 200 மி.மீ. சுவர் மூன்றில் ஒரு மி.மீ. நீளும். பிளைவுட் பலகையில் சுற்றிலும் இறுக்கி ஒட்டினால் சுவர் வயிறு தள்ளும் அல்லது மூலை விட்டுவிடும். நடுவில் ஒரே இடத்தில் சிலிகான் வைத்து ஒட்டுங்கள், ஓரங்கள் சும்மா உட்காரட்டும். அடிப்பலகைக்கு அட்டையைவிட 3 மி.மீ. சன்போர்டு (பிளாஸ்டிக் நுரைப் பலகை) மேல், ஈரத்துக்கு ஊறாது, கரையானும் தொடாது.

மேற்குப் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம். மலையிலிருந்து கீழே கொண்டுவரும்போது நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் பத்திரமாக இறங்கி வந்த கேபின், அடிவாரத்தில் டீ குடிக்கும் நேரத்தில் டாஷ்போர்டின் மேல் கூரை குழிந்துவிடும். டப்பாவில் தெர்மோகோல் பொடிக்குப் பதில் பருத்தித் துணி சுற்றி, சீட்டுக்குக் கீழே, நிழலில் வையுங்கள்.